வெள்ளைத்தாளா பிள்ளை? ஜான் லாக் பற்றி ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மலேசியாவின் பிறை நகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 7 வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. சாயங்காலம் அவனை வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைப்பதற்குள் வீடே ரெண்டுபடுகிறது. "அடியாத மாடு படியாது" என்று மாமியார் பிரம்பை எடுத்துக் கையில் கொடுக்கிறார். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவரோ, "முடிச்சிட்டா அரை மணி நேரம் போன், எல்லாம் சரியா இருந்தா ரெண்டு வெள்ளி" என்கிறார். இதற்கிடையில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேச வந்தவர், "பிள்ளை ஒரு வெள்ளைத்தாள், நீங்கள் எழுதுவதுதான் அதில் வரும், ஜான் லாக் சொல்லியிருக்கிறார்" என்றாராம். அப்படியானால் குற்றம் முழுக்க என்னுடையதா, லாக் பிரம்புக் கட்சியா பரிசுக் கட்சியா, வீட்டில் ஆங்கிலமே பேசினால் பையன் முன்னுக்கு வருவானா என்று மூன்று கேள்விகள்.

சகோதரி, முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். குற்றம் முழுக்க உங்களுடையது என்று லாக் சொல்லவில்லை. அந்தப் பேச்சாளர் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். லாக் பிரம்புக் கட்சியும் இல்லை, பரிசுக் கட்சியும் இல்லை. இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகம் என்பதுதான் அவருடைய வாதம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜான் லாக் 1632இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்த தத்துவ அறிஞர். மருத்துவம் படித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. ஆனால் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே வாழ்ந்தவர். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் வீட்டில் மருத்துவராகவும் ஆலோசகராகவும் இருந்தபோது அவருடைய பேரனின் கல்வியைக் கவனித்துக்கொண்டார். 1683இல் அரசியல் காரணங்களால் ஹாலந்துக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. எட்வர்ட் கிளார்க் என்ற நண்பர், மகனை எப்படி வளர்ப்பது என்று அவரிடம் யோசனை கேட்டிருந்தார். 1684 முதல் லாக் அங்கிருந்து கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார். அந்தக் கடிதங்கள்தான் 1693இல் 'கல்வி பற்றிய சில சிந்தனைகள்' என்ற நூலாக வந்தன. ஒரு தகப்பன் கேட்டதற்கு நண்பர் சொன்ன பதில் அது. அதனால்தான் அதில் தத்துவம் குறைவு; செருப்பு, தூக்கம், பழம், அழுகை, பொய், பொம்மை என்று வீட்டு விஷயங்கள் நிறைய.

வெள்ளைத்தாள் என்ற பேச்சு அந்த நூலின் கடைசிப் பத்தியில் வருகிறது. மிகச் சிறியவனாக இருந்த அந்தப் பையனை, வெள்ளைத்தாள் போலவும் மெழுகு போலவும் வைத்துக்கொண்டு பொதுவான யோசனைகளைச் சொன்னேன் என்கிறார். உடனே, ஒவ்வொரு பிள்ளையின் மனமும் முகத்தைப் போலவே தனித்தனி, ஒரே முறையில் வளர்க்கத்தக்க இரண்டு பிள்ளைகள் கிடைப்பது அரிது என்றும் சொல்லிவிடுகிறார். நூலின் நடுவிலேயே, மனிதர் மனத்தில் இறைவன் சில குணங்களை முத்திரை போலப் பதித்திருக்கிறான், அவற்றைக் கொஞ்சம் சீர்செய்யலாமே தவிர அடியோடு மாற்ற முடியாது என்று எழுதியவர் அவர். அறிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத்தான் அவருடைய இன்னொரு பெரிய நூலில் 'மனம் எழுதப்படாத தாள்' என்ற பதில் வருகிறது. பிறக்கும்போதே யாரும் கணக்கையோ கடவுளையோ தெரிந்துகொண்டு வருவதில்லை என்பது அங்கே பொருள். சுபாவம் கிடையாது என்று பொருள் இல்லை. துறுதுறுப்பான பிள்ளையும் பயந்த பிள்ளையும் ஒரே வயிற்றில் பிறப்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். ஆக, உங்கள் மகன் ஓரிடத்தில் உட்காராதவன் என்றால் அதை நீங்கள் எழுதவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

சரி, பிரம்புக்கு வருவோம். லாக் படித்தது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில். அங்கே தலைமையாசிரியர் ரிச்சர்ட் பஸ்பி, அடிக்குப் பேர்போனவர். அடியை அருகிலிருந்து பார்த்த மனிதர் பிற்காலத்தில் அதைப் பற்றி எழுதியதைத்தான் நாம் படிக்கிறோம். அவர் சொல்லும் காரணங்கள் உணர்ச்சிவசப்பட்டவை அல்ல. அடிக்குப் பயந்து பாடம் படிக்கிற பிள்ளை, இன்பதுன்பக் கணக்கை மட்டுமே பார்த்து நடக்கக் கற்றுக்கொள்கிறான். எந்தக் குணத்தை வேரோடு பிடுங்க வேண்டுமோ அதற்கே உரம் போடுகிறோம் என்கிறார். அடுத்து, எதற்காக அடி வாங்குகிறானோ அந்தக் காரியத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும். புத்தகத்துக்காக அடி வாங்கியவனுக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே கசக்கும். பிரம்பு கண்ணில் படும்வரை அடங்கியிருப்பான், மறைந்ததும் இரட்டிப்பாக ஆடுவான். அடிமைத்தனமான கண்டிப்பு அடிமைத்தனமான சுபாவத்தையே உண்டாக்கும் என்பது அவருடைய முடிவு. ஒருவேளை அடி வேலை செய்து பிள்ளை முழுக்க அடங்கியே போய்விட்டால் அதைத்தான் அவர் பெரிய இழப்பு என்கிறார். உயிரோட்டம் போன பிள்ளைக்கு மீண்டும் அதைக் கொடுப்பது கஷ்டம், துள்ளுகிற பிள்ளையை நேராக்குவது அதைவிட எளிது.

ஆனால் லாக்கை நல்ல தாத்தாவாக மட்டும் காட்டினால் நான் நேர்மையற்றவன் ஆவேன். ஒரே ஒரு குற்றத்துக்கு அடிக்கலாம் என்கிறார்: வேண்டுமென்றே எதிர்த்து நிற்கும் பிடிவாதம். அதற்கு உதாரணமாக, ஒரு தாய் தன் சின்னஞ்சிறு மகளை ஒரே காலையில் எட்டு முறை அடித்து வழிக்குக் கொண்டுவந்ததை மெச்சி எழுதுகிறார். அந்தப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய சொந்த வாதத்தையே அது உடைக்கிறது. ஏழாவது அடி வரை வளையாத பிள்ளை எட்டாவது அடியில் எதைக் கற்றது? தோற்கக் கற்றது, அவ்வளவுதான். மாமியார் இந்தப் பத்தியைக் காட்டினால், இதற்கு முன்னால் உள்ள முப்பது பத்திகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பரிசைப் பற்றி அவர் சொல்வது இன்னும் கூர்மையானது. பாடம் படித்தால் ஆப்பிள், இனிப்பு, புதுச்சட்டை என்று ஆசை காட்டுகிற பெற்றோர், பிள்ளைக்கு ஒரு பாடத்தைச் சொல்லாமலே சொல்லிக் கொடுக்கிறார்கள்: இனிப்புதான் உயர்ந்தது, பாடம் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. உங்கள் வீட்டில் போனுக்கு இருக்கும் இடமும் இதுதான். ஒவ்வொரு நாளும், "போன் எவ்வளவு அருமையானது தெரியுமா, அதற்காக இந்தக் கசப்பான வாய்ப்பாட்டைக்கூடச் சகிக்கலாம்" என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிரம்பு வலியைக் காட்டி இழுக்கிறது, போன் இன்பத்தைக் காட்டி இழுக்கிறது. பிள்ளை எந்தப் பக்கம் இழுக்கப்பட்டாலும் தன்னைத் தானே நடத்தப் பழகவில்லை. லாக்குக்கு வளர்ப்பின் நோக்கமே அதுதான். ஆசை ஒரு பக்கம் இழுக்கும்போது, அறிவு சொல்வதைக் கேட்டு ஆசைக்கு இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். அதை வெளியிலிருந்து யாரும் அடித்தோ கொடுத்தோ செய்துவிட முடியாது.

இனிப்பு கொடுக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை, இதைக் கவனியுங்கள். பிள்ளைக்கு மகிழ்ச்சி தாராளமாகக் கிடைக்கட்டும், வேலைக்குக் கூலியாக மட்டும் வேண்டாம் என்கிறார். சனிக்கிழமை கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போய் அவன் கேட்கிற ரொட்டி சானாய் வாங்கிக் கொடுங்கள். வாய்ப்பாடு ஒப்பித்ததற்காக என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் எதைக் கொண்டுதான் நடத்துவது? மதிப்பைக் கொண்டு என்கிறார் லாக். மற்ற எல்லாவற்றையும் விட இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மீது மரியாதை. நாம் நினைப்பதற்கும் முன்பே பிள்ளைகளுக்குப் புகழும் மதிப்பும் புரிந்துவிடுகின்றன, குறிப்பாகத் தாய் தகப்பன் தன்னை மதிக்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது என்கிறார். ஒழுங்காக நடந்தால் அந்த மதிப்பு முகத்தில் தெரிய வேண்டும். தவறினால் சற்றே குளிர்ந்த முகம், அவ்வளவு போதும். இது வேலை செய்ய வேண்டுமானால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே முகமாக இருக்க வேண்டும் என்கிறார். தாய் கண்டித்த பிள்ளையை வேலைக்காரர்கள் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கொஞ்சி எதையாவது கொடுத்துத் தேற்றுவதைப் பற்றிப் புலம்புகிறார். வேலைக்காரர் என்ற இடத்தில் பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அத்தை என்று போட்டுக்கொண்டால் அது நம் வீட்டுக் கதை. நீங்கள் மாமியாரிடமும் கணவரிடமும் பேச வேண்டியது அடிப்பதா கொடுப்பதா என்பதைப் பற்றி அல்ல. மூன்று பேரும் எதற்கு முகம் மலர்வோம், எதற்கு முகம் வாடுவோம் என்பதைப் பற்றி. முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

இங்கே இன்னொரு நிபந்தனை வைக்கிறார்: பாராட்டு நாலு பேர் முன்னால், கண்டிப்பு தனியாக. குற்றத்தை ஊரறியச் சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் காப்பாற்றிக்கொள்ள நல்ல பெயர் என்று ஒன்று மிஞ்சாது. மிஞ்சாதபோது அதைக் காக்க எதற்கு முயல வேண்டும்? நம்மவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். திருமண மண்டபத்தில், தண்ணீர்மலைக் கோயில் வாசலில், உறவினர் வீட்டுத் தீபாவளி விருந்தில், "இவன் எங்கம்மா படிக்கிறான், உங்க பிள்ளையைப் பாருங்க" என்று பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்கிறோம். பாராட்ட வேண்டியதை மட்டும், கண்பட்டுவிடும் என்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். வீட்டுப்பாடப் போராட்டத்தில் நீங்கள் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். அவனைப் பற்றிய குறையை அவன் காதுபட மூன்றாம் மனிதரிடம் சொல்வதை அடியோடு நிறுத்துங்கள்.

பிறர் மதிப்புக்காகவே வாழ்கிற பிள்ளை பிற்காலத்தில் ஊர் வாய்க்குப் பயந்தவனாக மாட்டானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நற்பெயர் என்பது நற்குணத்தின் உண்மையான அடிப்படை இல்லை, ஆனால் அதற்கு மிக அருகில் இருப்பது என்று லாக்கே ஒப்புக்கொள்கிறார். சுயமாக யோசிக்கும் வயது வரும்வரை பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளை மன்னிப்புக் கேட்கும்வரை வீட்டில் யாருமே முகம் கொடுக்கக் கூடாது என்பதுபோல அவர் சில இடங்களில் போகிறார். 7 வயதுப் பிள்ளையிடம் நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். இரவு தூங்கப் போகும்முன் வாட்டம் தீர்ந்துவிட வேண்டும்.

விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளின் தலையில் சட்டங்களைக் குவிக்காதே என்பது லாக்கின் ஓயாத வேண்டுகோள். குவித்தால் ஒன்று, ஓயாமல் தண்டிக்க வேண்டிவரும். இல்லையேல், தண்டிக்காமல் விட்டு உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகும். சொன்னது நினைவிலிருந்து நழுவிவிடும், பழகியது நழுவாது. அதனால் ஒன்றை எடுத்து, அது கை தானாகச் செய்யும் பழக்கமாகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போ என்கிறார். உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்தினால், கையெழுத்து, நேரம், உட்காரும் விதம், அழிப்பான் தேய்ப்பது என்று ஒரே மாலையில் பத்துக் கண்டிப்பு வேண்டாம். பள்ளி விட்டு வந்து குளித்துச் சாப்பிட்டதும் பையைத் திறப்பது என்ற ஒன்றை மட்டும் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பார்த்தும் பாராமல் விடுங்கள்.

அவருடைய நூலைப் படிக்கும்போது, 1693இல் எழுதியதா நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதியதா என்று தோன்றும் இடங்கள் உண்டு. குழந்தை எதிலாவது இடித்துக்கொண்டு அழுதால் நாம் என்ன செய்வோம்? "தரையா அடிச்சிச்சு? இந்தா தரைக்கு ஒரு அடி!" என்று தரையை அடித்துக் காட்டுவோம். குழந்தையின் அழுகையை நிறுத்த, யாரை அடிக்க வேண்டும் சொல், அடித்துவிடுகிறேன் என்று பெரியவர்கள் சொல்வதை லாக் குறிப்பிட்டு, நடக்கத் தெரியும் முன்பே பழிவாங்கக் கற்றுக் கொடுக்கிறோம் என்று வருந்துகிறார். பூச்சாண்டிக்கும் அங்கே இடம் இருக்கிறது. அவருடைய நாட்டில் அதற்கு வேறு பெயர். இருட்டில் பூதம் இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளையை அடக்குகிற வேலைக்காரர்களால், வளர்ந்து ஆளான பிறகும் இருட்டுக்கு அஞ்சுகிறவர்கள் உண்டு என்கிறார். "போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்" என்று சொல்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் இதோடு விட்டுவிடலாம்.

படிப்புக்கு அவர் கொடுக்கும் இடம் பலரையும் திடுக்கிட வைக்கும். நற்குணம், விவேகம், நல்ல நடத்தை, கல்வி என்று நான்கைச் சொல்லி, கல்வியைக் கடைசியில் வைக்கிறார். வேண்டுமென்றே அப்படி வைத்தேன், அதுதான் நான்கிலும் சிறியது என்று சொல்லவும் செய்கிறார். தம் காலத்தின் மிகப் பெரிய படிப்பாளிகளில் ஒருவர் இப்படி எழுதினார் என்பதை எண்ணிப் பாருங்கள். படிப்பு வேண்டாம் என்பதல்ல அவர் கருத்து. நல்ல குணம் அமைந்த பிள்ளைக்குப் படிப்பு உதவும், அமையாத பிள்ளையைப் படிப்பு இன்னும் மோசமாக்கும் என்பது. நம் நாட்டில் ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தத் தேர்வு நம் நெஞ்சில் வைத்துவிட்டுப் போன பயம் எடுபடவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளையை வாரம் நாலு நாள் டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிறோம்.

எழுத்துகளைக் கற்பிக்க லாக் சொன்ன வழி பகடை. பல பக்கங்கள் உள்ள ஓர் உருண்டை, ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எழுத்து, பெரியவர்கள் அதை உருட்டி விளையாட வேண்டும், இது பெரியவர்கள் விளையாட்டு என்று பிள்ளைக்குக் கொஞ்சம் காட்டாமலும் வைத்திருக்க வேண்டும். அவனாகவே வந்து "நானும் நானும்" என்பான். இதில் உள்ள நுட்பம், படிப்பைக் கடமையாக்கினால் அது பாரம், சலுகையாக்கினால் அது ஆசை என்பதுதான். நம் உயிர்மெய் வரிசைக்குச் சட்டையிலிருந்து கழன்ற பெரிய பொத்தான்களே போதும். ஒரு பொத்தானில் மெய், இன்னொரு பொத்தானில் உயிர் என்று ஒட்டி, இரண்டும் சேர்ந்தால் என்ன எழுத்து என்று கணவரும் நீங்களும் போட்டி போடுங்கள். கணவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் போதும்.

விளையாட்டைப் பற்றி அவர் கூறும் இன்னொரு வைத்தியமும் உண்டு. பம்பரத்தை விடாமல் சுற்றுகிறானா, தினமும் இத்தனை மணி நேரம் பம்பரம் விட்டே ஆகவேண்டும் என்று கட்டளை போடு, தானே வெறுப்பான் என்கிறார். இதைப் போனுக்குச் செய்து பார்க்காதீர்கள். பம்பரம் எத்தனை முறை சுற்றினாலும் அதே பம்பரம். அதனால் சலிக்கும். போன் ஒவ்வொரு விரல் தள்ளலுக்கும் புதிதாக ஒன்றைக் காட்டுகிறது. சலிப்பு வராமல் இருக்கவே அதைச் செய்திருக்கிறார்கள்.

மொழிக் கேள்விக்கு லாக்கின் பதில் உங்களுக்குத் தெம்பு தரும். மொழியை இலக்கண விதியால் புகட்டாதே, பேசிப் பழக்கு என்பது அவர் முறை. பிரெஞ்சும் அப்படி, லத்தீனும் அப்படி. ஆகவே உங்கள் மகன் ஆங்கிலத்தை நன்றாகப் பேசுகிறவர்களோடு பழகி ஆங்கிலம் கற்கட்டும், மலாயை விளையாட்டுத் திடலில் கற்கட்டும். ஆனால் தம் நாட்டுக் கனவான்கள் லத்தீனிலும் கிரேக்கத்திலும் வருடக்கணக்கில் உழன்றுவிட்டு, சொந்த மொழியில் ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதத் தெரியாமல் இருப்பதைப் பார்த்து மனம் நொந்தவர் அவர். ஒருவன் ஒரு மொழியைக் கவனமாகக் கற்பதென்றால் அது தன் மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். அவர் பேசியது ஆங்கிலத்தைப் பற்றி. அன்றைக்கு ஆங்கிலம் வீட்டு மொழி, லத்தீன்தான் கௌரவ மொழி. நீங்கள் திணறித் திணறிப் பேசுகிற ஆங்கிலத்தை விட, நீங்கள் நினைத்ததை நினைத்தபடி சொல்ல முடிகிற தமிழ்தான் அவன் மனத்தைத் தீட்டும். அவன் "ஏன்?" என்று கேட்கும்போது முழுப் பதில் சொல்ல முடிய வேண்டும். பிள்ளையின் கேள்வியைச் சிரித்து ஒதுக்காதே, பொய்ப் பதில் சொல்லாதே, அவனைப் பகுத்தறிவுள்ள ஆளாக நடத்து என்பதில் லாக் எவ்வளவு கண்டிப்பு காட்டுகிறார் தெரியுமா? பின்னால் 1762இல் ரூசோ என்ற இன்னொரு தத்துவ அறிஞர் இதை மறுத்தார், சிறு பிள்ளையிடம் காரணம் பேசுவது வீண் என்றார். எனக்கு இதில் லாக்தான் சரி. காரணம் சுருக்கமாக, அவன் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தால் 7 வயதுக்குத் தாராளமாகப் புரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளைத்தாள் வருகிற அதே கடைசிப் பத்தியில், இது ஒரு கனவானின் மகனுக்காக எழுதியது என்று லாக் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் எழுதியது வேறு. 1697இல், அரசின் வணிக வாரியத்தில் இருந்தபோது, உதவி கேட்கும் ஏழைகளின் 3 வயதுக்கு மேல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைப்பள்ளிகளில் சேர்த்து நூல் நூற்கவும் பின்னவும் வைக்கலாம், வயிறாரத் தினம் ரொட்டி, குளிர்காலத்தில் கொஞ்சம் சூடான கஞ்சி என்று ஒரு திட்டம் கொடுத்தார். அது சட்டமாகவில்லை. ஆனாலும் பகடை உருட்டி எழுத்துக் கற்பிக்கச் சொன்ன அதே கை எழுதியது அது.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் குறைந்தது பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று மலாயாவில் தொழிலாளர் சட்டம் வந்தபோது, பல தோட்டங்களில் கிடைத்தது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். பெயருக்கு நாலு எழுத்து, பிறகு பால்மரக்காடு. அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பிறையிலும் பட்டர்வொர்த்திலும் தமிழ்ப்பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு போகிறார்கள். அதனால் லாக்கின் கல்வி நூலை, அவர் யாருக்கு எழுதவில்லையோ அவர்களுக்காகவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கனவானின் மகனுக்குத் தேவைப்பட்ட மரியாதை ஷிப்டு வேலைக்காரர் மகனுக்கும் தேவை. மாமியார் பிரம்பை எடுத்துக் கொடுப்பதிலும் எனக்குக் கோபம் இல்லை. அடங்கியிருந்தால்தான் பிழைக்க முடியும் என்று கற்றுக் கொடுத்த இடத்திலிருந்து வந்த தலைமுறை அது. அவரிடம் பேசும்போது அதை மனத்தில் வையுங்கள்.

நூலைப் படிக்க விரும்பினால், முதல் முப்பது பத்திகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். தினமும் குளிர்ந்த நீரில் கால் கழுவுவது, தண்ணீர் புகும் செருப்பு, திராட்சை கூடாது, முலாம்பழம் கூடாது என்று அந்தக் காலத்து மருத்துவம் அது; தூக்கத்தைக் குறைக்காதே என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 31ஆம் பத்தியிலிருந்து நிதானமாகப் படியுங்கள். 147இல் கல்வியைக் கடைசியில் வைக்கிற இடம் வரும். கணவருக்கு நேரமில்லையென்றால் அந்த ஒரு பத்தியையாவது வாசித்துக் காட்டுங்கள். ரெண்டு வெள்ளி விஷயத்தை அதற்குப் பிறகு பேசினால் எளிதாக இருக்கும்.